வண்டி எங்கே நிற்கிறது?
ஆலங்குளம் வட்டாரத்து லாரி உரிமையாளர்களுக்கும் ஓட்டுநர்களுக்கும் ஒரு திறந்த மடல்

உரிமையாளர்களான அண்ணாச்சிமாருக்கும், ஓட்டுநர்களான சகோதரர்களுக்கும்,



1970இல் அரசாங்கச் சிமெண்டு ஆலை எழுந்த காலந்தொட்டு நம் ஆலங்குளத்தின் ஜீவனம் லாரிச் சக்கரங்களோடு பிணைந்திருக்கிறது என்பதையும், சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டு மூட்டையும் ஒருபுறமாக, வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர்ப் பக்கத்து ஆலைகளில் உருவாகும் பட்டாசுப் பெட்டிகள் மறுபுறமாக, இவ்வட்டாரத்து ஜனங்களின் உழைப்பெல்லாம் கடைசியில் ஒரு லாரியின் மேலேறித்தான் வெளியூர் போய்ச் சேருகிறது என்பதையும் நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. நான் எழுத வந்த விஷயம், அந்த லாரியின் டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு கைக்கு அடக்கமாக, பூட்டிய நாளுக்குப் பிறகு யாராலும் திரும்பிப் பார்க்கப்படாமல் கிடக்கும் ஒரு சிறு பெட்டியைப் பற்றியது. அதை நீங்கள் ‘ஜி.பி.எஸ்.’ என்கிறீர்கள், அதிகாரிகள் ‘வி.எல்.டி.’ என்கிறார்கள். அத்தகைய பெட்டிகளைப் பூட்டிக் கொடுப்பதையும் அமைத்துக் கொடுப்பதையும் ஜீவனோபாயமாகக் கொண்ட ஊர்க்காரன் என்ற ஒரு பாத்தியதையிலேதான் இந்த மடலை எழுதத் துணிகிறேன்.

சட்டம் எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்பதை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2016 நவம்பரில் 125எச் என்ற விதி சேர்க்கப்பட்டு, பிரயாணிகளை ஏற்றும் பொது வாகனங்களில் இருப்பிடங்காட்டும் கருவியும் அபாயப் பொத்தானும் இருக்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. அமலுக்கு வரும் தேதி தள்ளிப்போய், 2019 ஜனவரி 1 முதல் புதிதாகப் பதிவாகும் வண்டிகளுக்கு அது கட்டாயமாயிற்று. 2022இல் அபாயகரமான சரக்குகளை ஏற்றும் நடுத்தர, கனரக லாரிகளையும் மத்திய அரசாங்கம் இந்த ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்து, புது மாடல்களுக்கு 2022 செப்டம்பர் 1 என்றும், ஏற்கெனவே உற்பத்தியில் இருந்த மாடல்களுக்கு 2023 ஜனவரி 1 என்றும் நாள் குறித்தது. 1884ஆம் வருஷத்து வெடிபொருள் சட்டத்தின் நிழலிலேயே தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வருகிற நமக்கு, கட்டுப்பாடு என்பது புதிய சமாசாரமன்று.

ஆனால் கட்டுப்பாட்டை நிறைவேற்றுகிற விதத்தில்தான் ஒரு பெரிய குறை இருக்கிறது. எஃப்.சி.க்கு வண்டியைக் காட்டுவதற்கு முந்தின நாள் அவசர அவசரமாகப் பெட்டியைப் பூட்டி, சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பைலில் வைத்துக்கொண்டு, அந்தப் பெட்டி எத்தனை விநாடிக்கு ஒருமுறை பேசுகிறது, யாரிடம் பேசுகிறது, என்ன பாஷையில் பேசுகிறது என்ற எதையும் விசாரிக்காமல் விட்டுவிடுகிறோம். பெட்டியைத் தயாரித்த ஆலையில் என்ன அமைப்போடு அனுப்பினார்களோ அதே அமைப்போடு அது காலமெல்லாம் ஓடுகிறது. என் அபிப்பிராயம் இதுதான்: பெட்டியைப் பூட்டுவதால் மட்டும் உரிமையாளருக்கோ ஓட்டுநருக்கோ யாதொரு பிரயோஜனமும் இல்லை, அதன் அமைப்புகளை இருவரும் கூடியிருந்து, தங்கள் வண்டியின் சரக்கையும் வழியையும் மனத்தில் வைத்துத் தீர்மானித்தாலொழிய, நெருக்கடி வரும் நாளில் அது சொல்லும் வார்த்தை எவருக்கும் உதவாது.

பெட்டிக்குள் இருப்பவை பிரதானமாக இரண்டே. வானத்திலிருந்து வரும் அலைகளைக் கேட்டுத் தான் நிற்கும் இடத்தைக் கணக்கிடும் வாங்கி ஒன்று. கணக்கிட்ட முடிவைச் செல்போன் டவர் வழியாகத் தூரத்துச் சர்வருக்குச் சொல்லியனுப்பும் மோடம் மற்றொன்று. ‘சாட்டிலைட் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது’ என்று ஓட்டுநர் பலர் எண்ணுவது சரியன்று. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். கோள்களாகட்டும், 2013 முதல் நம் இஸ்ரோ அனுப்பி நிலைநிறுத்திய நாவிக் கோள்களாகட்டும், அவை பேசுமேயன்றிக் கேட்பதில்லை. ஆலங்குளத்து லாரி ஒன்று உண்டு என்பதே அவற்றுக்குத் தெரியாது. இருப்பிடத்தை வெளியே சொல்வது மோடம் ஒன்றே. ஆகையால் எதைச் சொல்வது, எப்போது சொல்வது, யாரிடம் சொல்வது என்பதெல்லாம் அந்த மோடத்துக்கு நாம் இடுகிற கட்டளையைப் பொறுத்தவை.

அத்தனை உயரத்திலிருந்து வரும் அலை மிகமிக மெலிந்ததாகையால், பெட்டி எங்கே உட்காருகிறது என்பதே முதற்கேள்வி. கேபினின் இரும்புக் கூரைக்கு அடியில், வயர்க்கட்டுகளுக்கு நடுவில், ஆண்டெனாவின் முகம் தரையைப் பார்க்கும்படி அதைத் திணித்துவிட்டால், அது வானத்தைத் தேடியே பாதி நேரத்தைக் கழிக்கும். முன்கண்ணாடிக்குக் கீழே, முகம் மேல்நோக்கி, ஆட்டமில்லாமல் இருப்பது உத்தமம். அடுத்து மின்சார இணைப்பு. பாட்டரியிலிருந்து நேரே வரும் வயர் ஒன்று, எர்த் ஒன்று, சாவி திருப்பியதை உணர்த்தும் இக்னிஷன் வயர் ஒன்று என மூன்றும் அவசியம். இக்னிஷன் வயரைச் சோம்பலால் பாட்டரி வயரோடு முறுக்கிவிட்டால், வண்டி இரவெல்லாம் ஷெட்டில் நின்றாலும் என்ஜின் ஓடிக்கொண்டே இருப்பதாகப் பெட்டி எழுதும். ‘டீசலெல்லாம் ஐடிலிங்கில் போகிறதே’ என்று காலையில் ஓட்டுநர் வசவு வாங்குவார். பட்டாசு லோடு ஏற்றும் வண்டியில் இன்னும் இரண்டு விஷயங்களில் நான் சமரசம் செய்துகொள்வதில்லை. பாட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். பெட்டியின் எந்த வயரும் கேபினைத் தாண்டிச் சரக்கு ஏற்றும் பகுதிக்குள் போகலாகாது.

லோடு இறக்கும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவது நல்ல வழக்கம். அப்போது பெட்டி தன் சொந்தப் பாட்டரிக்கு மாறிக்கொள்ளும், ஏ.ஐ.எஸ். 140 என்ற இந்தியத் தரவிதி அந்த உள்பாட்டரி நான்கு மணி நேரமாவது தாங்க வேண்டும் என்கிறது. மின்சாரம் அறுந்த மாத்திரத்தில் சர்வருக்கு ஓர் எச்சரிக்கையும் போகும். இறக்குமிடங்களின் எல்லையை முன்கூட்டியே பதிந்து வைத்திருந்தால், அங்கே வரும் எச்சரிக்கை குறிப்பாக மட்டும் பதிவாகி, நெடுஞ்சாலை நடுவில் வரும் எச்சரிக்கை மாத்திரம் போனை ஒலிக்கச் செய்யும். இந்தப் பாகுபாட்டைச் செய்யாதவர்கள், ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு எல்லா எச்சரிக்கைகளையும் அணைத்து வைத்துவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

எல்லையைப் பதியும்போது நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. வரைபடத்தில் ‘ஆலங்குளம்’ என்று எழுதித் தேடினால், தெற்கே ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் தள்ளித் தென்காசி மாவட்டத்தில் இருக்கும் ஆலங்குளந்தான் பலவேளை முன்னே வந்து நிற்கிறது. அதைத் தெரிந்தெடுத்து எல்லை வரைந்துவிட்டால், நம் வண்டி ஷெட்டை விட்டு நகர்வதும் தெரியாது, வந்து சேர்வதும் தெரியாது. எனவே ஊர்ப்பெயரை நம்பாமல், வண்டியைத் தன் இடத்தில் நிறுத்தி, பெட்டியே காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொண்டு எல்லையைப் பதியுங்கள்.

இனி அந்த எண்களைப் படிக்கும் முறை. கருவிகள் பலவற்றின் அடிப்படைப் பாஷை, அமெரிக்கக் கப்பல் மின்னணுத் துறையினர் தங்கள் சௌகரியத்துக்காக வகுத்துக்கொண்ட என்.எம்.இ.ஏ. என்னும் வாசகமுறை. சிவகாசியில் நிற்கும் வண்டியின் வரி ஒன்றை அதில் எடுத்துப் பார்த்தால், நேரத்துக்குப் பிறகு ‘ஏ’ என்ற எழுத்தும், அதையடுத்து 0927.2 என்றும் 07748.1 என்றும் இரண்டு எண்களும் இருக்கும். ‘ஏ’ என்றால் கணக்கு நம்பத்தக்கது. அவ்விடத்தில் ‘வி’ இருந்தால் கோள்கள் போதவில்லை, இடத்தை நம்ப வேண்டாம் என்று பொருள். 0927.2 என்பது 9 டிகிரி 27.2 நிமிஷம்; அதாவது 9.453 டிகிரி. 07748.1 என்பது 77 டிகிரி 48.1 நிமிஷம், அதாவது 77.802 டிகிரி. இந்த நிமிஷக் கணக்கை உணராத சர்வர் ஒன்று, புள்ளியை மட்டும் நகர்த்தி 9.272 என்றும் 77.481 என்றும் எடுத்துக்கொண்டால், சிவகாசியில் நிற்கும் லாரி தென்மேற்கே நாற்பது கிலோமீட்டர் நகர்ந்து, சிவகிரிக்கும் வாசுதேவநல்லூருக்கும் கிழக்கே எங்கோ நிற்பதாகக் காட்டும். பெட்டியின் மேலும் பிழையில்லை, ஓட்டுநர் மேலும் பிழையில்லை. ஆனால் ‘அங்கே எதற்குப் போனாய்?’ என்ற கேள்விக்கு அவர்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

வேகத்திலும் இப்படி ஒரு பேதம் உண்டு. கப்பற்காரர் வாசகமாகையால் அது வேகத்தை நாட் கணக்கில் சொல்லும்; ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் லாரி அதில் 32 என்றுதான் தெரியும். நேரமோ கிரீன்விச்சை ஒட்டிய உலகப் பொது நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்தங்கியது. பத்தாம் தேதி அதிகாலை 4 மணிக்குப் புறப்பட்ட வண்டியை அது ஒன்பதாம் தேதி இரவு 10.30க்குப் புறப்பட்டதாக எழுதும். இதைத் திருத்துகிறேன் என்று பெட்டியிலும் ஐந்தரை மணியைக் கூட்டி, சர்வரிலும் ஐந்தரை மணியைக் கூட்டினால், பிழை எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடும். பெட்டி உலக நேரத்தையே அனுப்பட்டும், திரையில் காட்டும்போது மட்டும் இந்திய நேரமாக மாறட்டும் என்று ஒரே இடத்தில் ஒரே தடவை செய்வதே கிரமம். விபத்து விசாரணையிலும் இன்ஷூரன்ஸ் வழக்கிலும் தேதி மாறிய பதிவேட்டை யார் ஏற்றுக்கொள்வார்?

அடுத்தது, எத்தனை விநாடிக்கு ஒருமுறை என்ற கேள்வி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிஷத்துக்கு ஒரு கிலோமீட்டர் ஓடுகிறது லாரி. நிமிஷத்துக்கு ஒரு செய்தி அனுப்பும்படி அமைத்தால், இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் இருட்டு. ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால் அந்த இடைவெளி எண்பத்து மூன்று மீட்டராகச் சுருங்கும். அப்படியானால் எப்போதும் ஐந்து விநாடியே வைத்துவிடலாமே என்றால், அதிலும் யோசிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. டவர் கிடைக்காத இடத்தில் பெட்டி செய்திகளைத் தன்னிடமே சேர்த்து வைத்திருந்து, தொடர்பு கிடைத்ததும் வரிசையாக அனுப்ப வேண்டும். அதற்காக 40,000 பதிவுகளுக்கு இடம் வேண்டுமென்று தரவிதி சொல்கிறது. நிமிஷத்துக்கு ஒன்று என்றால் அந்த இடம் இருபத்தேழு நாளுக்குப் போதும். ஐந்து விநாடிக்கு ஒன்று என்றால் இரண்டேகால் நாளில் நிரம்பி, பழையது அழியத் தொடங்கும். சாதாரண ஓட்டத்துக்கு நிமிஷத்துக்கு ஒன்று, திருப்பத்திலும் திடீர்ப் பிரேக்கிலும் உடனே ஒன்று, என்ஜின் அணைந்திருக்கையில் பத்து நிமிஷத்துக்கு ஒன்று என்று வைப்பது என் அனுபவத்தில் போதுமானது. பெங்களூருக்கும் வடக்கேயும் போய்வரும் வண்டிகளுக்குத் தொப்பூர்க் கணவாய் போன்ற இறக்கங்களில் மட்டும் ஐந்து விநாடியாக மாறும்படி எல்லை பதியலாம். நிமிஷத்துக்கு ஒன்று என்ற கணக்கில் நாளொன்றுக்கு 1,440 செய்திகள். எல்லாம் சேர்ந்தாலும் உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு புகைப்படத்தின் அளவுகூட வராதாகையால், டேட்டா செலவைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.

அனுப்பும் முறையிலும் இரண்டு வகை உண்டு. யு.டி.பி. என்பது தபாலட்டை, போட்டுவிட்டோம், சேர்ந்ததா என்று தெரியாது. டி.சி.பி. என்பது அக்னாலெட்ஜ்மெண்ட் கார்டு வைத்த பதிவுத் தபால்; பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வரும் வரை பெட்டி விடாது. கட்டி மேய்க்கச் சற்றுச் சிரமமானாலும், வெடிபொருள் வண்டிக்கு இரண்டாவதையே நான் சிபாரிசு செய்வேன். பெட்டிக்குள் இரண்டு கம்பெனிகளின் நெட்வொர்க்குக்கு மாறக்கூடிய சிம் இருக்க வேண்டும் என்பது விதி; ஆனால் ஒவ்வொன்றுக்கும் உரிய ஏ.பி.என். என்னும் நுழைவாயில் பெயரைப் பதியாவிட்டால், முதல் நெட்வொர்க் விழும்போது இரண்டாவது இருந்தும் இல்லாததாகிவிடும். அவ்வாறே, செய்தி போக வேண்டிய முகவரிகள் இரண்டு: அரசாங்கச் சர்வர் ஒன்று, உங்கள் சர்வர் ஒன்று. பலருடைய வண்டிகளில் முதலாவது மட்டும் எழுதப்பட்டு, இரண்டாவது வெறுமையாய்க் கிடக்கிறது. வருஷச் சந்தா கட்டியும் தம் வண்டியைத் தாமே பார்க்க முடியாத அண்ணாச்சிமார் உங்களில் உண்டு.

கடவுச்சொல்லைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். பல பெட்டிகளில், சிம் எண் தெரிந்த எவரும் ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பி அமைப்பை மாற்றிவிடலாம். குறுக்கே நிற்பது கடவுச்சொல் ஒன்றே. 2022 ஜூலையில் அமெரிக்க அரசாங்கத்தின் சைபர் பாதுகாப்புத் துறை ஒரு வாகனக் கருவியைப் பற்றி உலகத்தை எச்சரித்தபோது, 169 நாடுகளில் பெட்டிகளைப் பரப்பியிருந்த கம்பெனியின் அந்தக் கருவி ஆலையிலிருந்து புறப்படும்போதே 123456 என்ற கடவுச்சொல்லோடு வந்தது என்பதும், வாங்கியவர்களில் பலர் அதை மாற்றாமலே ஓட்டினார்கள் என்பதும் வெளியாயின. பட்டாசு லோடு எங்கே, எத்தனை மணிக்கு, எந்த ஓட்டலின் முன்னால் நிற்கிறது என்பது அயலானுக்குத் தெரிவது எத்தகைய ஆபத்து என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. பெட்டியைப் பூட்டியவன் கண்முன்னேயே கடவுச்சொல்லை மாற்றுங்கள். நான் பூட்டினாலும் மாற்றுங்கள்.

தூரத்திலிருந்தே என்ஜினை நிறுத்தும் ரிலே ஒன்றையும் சில வியாபாரிகள் இலவசமாகத் தருகிறார்கள். திருட்டுப் போன வண்டியை மடக்கலாம் என்பது அதன் கவர்ச்சி. நாற்கரச் சாலையில் பின்னால் பஸ்ஸும் டாங்கரும் வந்துகொண்டிருக்க, பட்டாசு நிறைந்த லாரியின் என்ஜினை ஆபீஸில் உட்கார்ந்து ஒரு பொத்தானால் அணைப்பது எவ்வளவு பெரிய அனர்த்தத்தில் முடியும் என்று ஒரு கணம் யோசிப்பவர் அதைப் பூட்டச் சம்மதிக்க மாட்டார். இலவசமானாலும் வேண்டாம்.

இனி ஓட்டுநர்களைப் பற்றி. ‘ஓனர் நம்மை வேவு பார்க்க வைத்த பெட்டி’ என்று நீங்கள் வெறுப்பதில் நியாயம் இல்லாமலில்லை. அதனால்தான் சிலர் ஃபியூஸைப் பிடுங்கிவிடுகிறார்கள். ஆனால் இந்தப் பெட்டியே உங்கள் பக்கம் பேசவும் வல்லது. 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களில் நாளொன்றுக்கு எட்டு மணி, வாரத்துக்கு நாற்பத்தெட்டு மணி என்று சாதாரண வேலை நேரத்தை வரையறுத்திருந்தது. தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் வேலை வாங்காமல் நடுவே அரை மணி ஓய்வு தரவும் சொன்னது. தீபாவளிக்கு முந்தின வாரங்களில் இத்தகைய வரையறை எப்படிக் காற்றில் பறக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். தொடர் ஓட்டத்தை எண்ணி, ஐந்தாவது மணியில் உரிமையாளருக்கே எச்சரிக்கை போகும்படி பெட்டியை அமைக்கலாம். நீங்கள் கேளுங்கள், அது உங்கள் உரிமை. உரிமையாளர்களும் ஒன்றை மறக்கலாகாது: அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. டிரிப் முடிந்தபின் ஓட்டுநர் எங்கே போனார் என்பதைப் பார்ப்பதும், பதிவேட்டை மூன்றாம் மனிதனுக்குக் காட்டுவதும் முறையன்று.

இவ்வளவு சொல்லிவிட்டு, பெட்டியின் எல்லையையும் சொல்லாவிட்டால் நான் வியாபாரப் பேச்சுப் பேசினவனாவேன். 2023 அக்டோபர் 7ஆம் தேதி, ஓசூரைத் தாண்டிய அத்திப்பள்ளியில் லாரியிலிருந்து பட்டாசு இறக்கும்போது தீப்பற்றி, நம் தமிழ்நாட்டு இளைஞர்கள் பலர் உள்பட பதினான்கு பேருக்கு மேல் மாண்டார்கள். எந்த மோடமும் அந்தத் தீயைத் தடுத்திருக்காது. பொறுமையாக இறக்குவதும், நெருப்பை அண்டவிடாததும், கூட்டத்தை விலக்கி வைப்பதும் மனிதர் செய்ய வேண்டிய காரியங்கள். வண்டி எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரமாக நிற்கிறது, எத்தனை மணி நேரம் ஓய்வின்றி ஓடியது என்பதைச் சொல்வதோடு பெட்டியின் வேலை தீர்ந்தது. அதையாவது அது உண்மையாகச் சொல்ல வேண்டும் என்பதே என் கோரிக்கை.

ஆகையால் இந்த வருஷத்துச் சீசனின் முதல் லோடு ஏறுவதற்கு முன்னால், உரிமையாளரும் ஓட்டுநரும் ஒரு காலைப் பொழுதை இதற்கென்று ஒதுக்குங்கள். வண்டியை ஷெட்டில் நிறுத்தி, திரையில் அதே இடம், அதே நேரம் தெரிகிறதா என்று பாருங்கள். மெயின் வயரைக் கழற்றி, எச்சரிக்கை வருகிறதா என்று பாருங்கள். ஆலைத் தொழிலாளரை ஏற்றும் வேனாயிருந்தால், சம்பந்தப்பட்டவர்களுக்கு முன்கூட்டித் தெரிவித்துவிட்டு அபாயப் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். ராஜபாளையம் ரோட்டில் சிறிது தூரம் ஓட்டி, வேகமானியும் திரையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். கடவுச்சொல்லை மாற்றுங்கள். முடிவில், எத்தனை விநாடி, எந்த முகவரி, எந்த எல்லை, யார் பார்க்கலாம் என்ற விவரங்களை ஒரு தாளில் தமிழில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, ஆர்.சி. புத்தகத்தோடு வண்டியிலேயே வையுங்கள். வண்டியை ஓட்டுகிறவருக்குத் தெரியாத அமைப்பு ஒன்றுகூட அந்தப் பெட்டிக்குள் இருக்கலாகாது.

இங்ஙனம்,
உங்கள் ஊர்க்காரன்,
ஆலங்குளம், விருதுநகர் மாவட்டம்.